நிலமும் நெறியும்: குயின்ஸ் பார்க் கால்பந்துக் கழகமும் அதன் மூன்று மைதானங்களும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத் தென்பகுதியில், நிதானமாக நடந்தாலும் அரைமணி நேரத்துக்குள் சுற்றிவந்துவிடக்கூடிய மூன்று இடங்கள் உள்ளன. முதலாவது, முதியவர்கள் புல்தரையில் பந்துருட்டி விளையாடும் ஒரு சிறிய கழகத்தின் வளாகம். இரண்டாவது, ஒரு பொதுப் பூங்கா. அதன் மூன்று பக்கங்களிலும் பார்வையாளர் நின்ற பழைய படிமேடைகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் மரங்கள் முளைத்து வளர்ந்துவிட்டன. மூன்றாவது, ஏறத்தாழ 52,000 இருக்கைகள் கொண்ட ஸ்காட்லாந்தின் தேசியக் கால்பந்து அரங்கம். இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில் 'ஹாம்ப்டன் பார்க்' என்ற ஒரே பெயரைத் தாங்கியவை. மூன்றையும் உருவாக்கியது ஒரே கழகம். அதுவும், 150 ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் ஆட்டக்காரர் எவருக்கும் ஊதியம் அளிக்க மறுத்துவந்த ஒரு கழகம்.

குயின்ஸ் பார்க் கால்பந்துக் கழகத்தின் வரலாறு பெரும்பாலும் ஒரு நன்னெறிக் கதையாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. பணம் விளையாட்டைக் கைப்பற்றியபோதும் கொள்கையை விடாத தூயவர்கள் என்பதே அக்கதையின் சாரம். ஆனால் ஒரு கழகத்தின் கொள்கையை அதன் நிலத்திலிருந்து பிரித்துப் பார்த்தால் பாதி வரலாறே புலப்படும். ஊதியத்தை மறுத்த இக்கழகம் நுழைவுக் கட்டணத்தை ஒருபோதும் மறுக்கவில்லை. ஆட்டக்காரருக்குப் பணம் இல்லை என்ற விதி ஒன்றரை நூற்றாண்டு நிலைத்ததற்கு, மைதானத்திலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது ஒரு முதன்மைக் காரணம். எனவே இக்கழகத்தின் வரலாற்றை அதன் மைதானங்களின் வழியாகப் படிப்பதே பொருத்தமானது.

1867 ஜூலை 9 அன்று கிளாஸ்கோவில் ஒரு சிறு குழுவினர் கூடிக் கால்பந்துக் கழகம் ஒன்றை அமைத்தனர். எந்தப் பூங்காவுக்கு அருகில் விளையாடினார்களோ அதன் பெயரையே கழகத்துக்கும் சூட்டினர். பெயரில் உள்ள 'அரசி' விக்டோரியா என்று பலரும் கருதுவதுண்டு. உண்மையில் அது ஸ்காட்லாந்து அரசி மேரியைக் குறிக்கிறது. 1568இல் அவர் இறுதியாகத் தோல்வியுற்ற லாங்சைடு போர்க்களம் அப்பூங்காவை ஒட்டியது. தொழிற்புரட்சியால் நெரிசலாகிவிட்ட நகரத்துக்குக் காற்றோட்டம் தேவை என்ற கருத்தின் விளைவாக, 1862இல் அது பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அக்காலத்தில் கழகத்துக்கென்று சொந்தமாக எதுவும் இல்லை. நகரத்தின் பொதுவெளியில் கம்பங்களை நட்டு ஆடினர். பார்க்க வருபவரிடம் கட்டணம் கேட்க இயலாது; வேலியே இல்லாத இடத்தில் நுழைவாயில் ஏது?

தொடக்க ஆண்டுகளில் எதிராட எதிரணியே கிடைக்காத நிலை இருந்தது. கழக உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே இரு அணிகளாகப் பிரிந்து ஆடினர். விதிகள்கூட இறுகியிராத காலம் அது. ஓர் அணியில் எத்தனை பேர் என்பதே ஆட்டத்துக்கு ஆட்டம் பேசித் தீர்த்துக்கொள்ளப்பட்டது. எதிரணிகள் குறைவாக இருந்ததால் உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் நெடுங்காலம் பயிற்சி செய்ய நேர்ந்தது. ஒருவர் பந்தை உருட்டிக்கொண்டு தனியாக முன்னேறும் ஆங்கிலேய முறைக்கு மாறாக, பந்தைத் தோழருக்குத் தட்டிக்கொடுத்து இணைந்து முன்னேறும் கூட்டாட்ட முறை இவர்களிடம் வளர்ந்தது. இன்று உலகெங்கும் கால்பந்து என்று அறியப்படும் ஆட்டத்தின் முக்கிய ஊற்றுக்கண்களுள் ஒன்று இது என்பதில் விளையாட்டு வரலாற்றாசிரியர்களிடையே பரவலான உடன்பாடு உண்டு.

1871-72இல் லண்டனில் எஃப்.ஏ. கோப்பைப் போட்டி முதன்முறையாக நடத்தப்பட்டபோது குயின்ஸ் பார்க்கும் அதில் பதிவு செய்துகொண்டது. 20 பவுண்டு மதிப்புள்ள அக்கோப்பையை வாங்குவதற்கு இக்கழகம் ஒரு கினி நன்கொடை அளித்தது. பயணத் தொலைவு கருதி முந்தைய சுற்றுகளில் ஆடாமலேயே அரையிறுதிக்கு அனுப்பப்பட்டது. 1872 மார்ச்சில் லண்டன் ஓவல் மைதானத்தில் வாண்டரர்ஸ் அணியுடன் நடந்த ஆட்டம் கோலின்றிச் சமனில் முடிந்தது. மறு ஆட்டத்துக்காக லண்டனில் தங்கவோ மீண்டும் வரவோ கையில் பணமில்லை. எனவே குயின்ஸ் பார்க் போட்டியிலிருந்து விலகியது. வாண்டரர்ஸ் இறுதியாட்டத்தில் வென்று முதல் கோப்பையைக் கைப்பற்றியது. களத்தில் தோற்காமலே பணமின்மையால் வெளியேறிய அந்த நிகழ்வு, சொந்த வருமானம் இல்லாத கழகத்தின் எல்லையைத் தெளிவாகக் காட்டியது.

அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, உலகின் முதல் அதிகாரபூர்வப் பன்னாட்டுக் கால்பந்து ஆட்டம் கிளாஸ்கோவின் பார்ட்டிக் பகுதியில் உள்ள ஒரு கிரிக்கெட் மைதானத்தில் நடைபெற்றது. அன்று ஸ்காட்லாந்துக்கென ஒரு கால்பந்துச் சங்கம்கூட இல்லை. குயின்ஸ் பார்க் கழகமே ஆட்டத்தை ஏற்பாடு செய்தது. ஸ்காட்லாந்து அணியின் பதினொருவரும் அக்கழகத்தைச் சார்ந்தவர்களே. அவர்கள் அணிந்தது அக்கழகத்தின் கருநீலச் சட்டை. ஸ்காட்லாந்து தேசிய அணி இன்றுவரை அணியும் கருநீலம் அங்கிருந்து வந்ததே. சுமார் 4,000 பேர் கட்டணம் செலுத்திப் பார்த்த அந்த ஆட்டம் கோலின்றிச் சமனில் முடிந்தாலும், நுழைவாயில் வசூல் கழகத்துக்கு ஒரு புதிய பாடத்தைக் கற்பித்தது. வேலியிட்ட நிலம் இருந்தால் விளையாட்டு தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும்.

1873 மார்ச் 13 அன்று குயின்ஸ் பார்க் முன்முயற்சியில் ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் உருவானது. அவ்வாண்டு அக்டோபரில் கழகம் தன் முதல் வேலியிட்ட மைதானத்தைத் திறந்தது. அருகிலிருந்த 'ஹாம்ப்டன் டெரஸ்' என்ற வீட்டு வரிசையின் பெயர் மைதானத்துக்கு வந்தது. அவ்வீட்டு வரிசையோ, 17ஆம் நூற்றாண்டில் மன்னரின் வரிவிதிப்பை எதிர்த்த ஆங்கில நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் ஹாம்ப்டனின் பெயரைக் கொண்டிருந்தது. ஸ்காட்லாந்து கால்பந்தின் புனிதத் தலமாகப் பின்னாளில் கருதப்பட்ட இடம் ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கியிருப்பது வரலாற்றின் சிறு முரண். கருநீலச் சட்டையைத் தேசத்துக்குக் கொடுத்துவிட்டுக் கழகம் கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டைக்கு மாறியதும் அதே மாதத்தில்தான். அப்பட்டைகளால் 'சிலந்திகள்' என்ற செல்லப்பெயர் வந்தது.

1874 மார்ச்சில் முதல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டம் இம்மைதானத்தில் நடந்தது. குயின்ஸ் பார்க் வென்றது. அடுத்த இரு ஆண்டுகளும் அக்கழகமே வென்றது. ஸ்காட்டிஷ் கழகம் ஒன்றிடம் அது முதன்முறையாகத் தோற்றது 1876 டிசம்பரில், வேல் ஆஃப் லெவன் அணியிடம். அந்தப் பள்ளத்தாக்கு துணிச் சாயத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குச் சாயமேற்றப்பட்ட 'துருக்கிச் சிவப்பு'ப் பருத்தித் துணிகள் மயில் முதலிய உருவங்களுடன் பெருமளவில் இந்தியச் சந்தைக்கு அனுப்பப்பட்டன. நகர நடுத்தர வர்க்க இளைஞர்களின் கழகத்தை முதலில் வீழ்த்தியது சாயப்பட்டறைகள் சூழ்ந்த ஓர் ஊரின் அணி என்பது, அடுத்த பத்தாண்டுகளில் நிகழவிருந்த மாற்றத்தின் முன்னறிவிப்பு.

இக்காலக் குயின்ஸ் பார்க்கின் சமூக அடித்தளத்தைப் புரிந்துகொள்ள ஒரு வாழ்க்கை வரலாறு பெரிதும் உதவும். ஆண்ட்ரூ வாட்சன் 1856இல் பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில் பிறந்தார். தந்தை கரும்புத் தோட்டப் பொருளாதாரத்தோடு பிணைந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர். தாய் அந்நிலத்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண். இங்கிலாந்தில் கல்வி கற்ற வாட்சன், தந்தை விட்டுச்சென்ற சொத்தின் துணையுடன் கிளாஸ்கோவுக்கு வந்து பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் பயின்றார். பின் குயின்ஸ் பார்க் கழகத்தில் சேர்ந்து அதன் செயலாளராகவும் பணியாற்றினார். 1881 மார்ச்சில் லண்டனில் ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கினார். அன்று இங்கிலாந்து 1-6 எனத் தோற்றது. அடுத்த ஆண்டு முதல் ஹாம்ப்டனில் நடந்த ஆட்டத்தில் ஸ்காட்லாந்து 5-1 என வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். பன்னாட்டு ஆட்டங்களில் ஆடிய முதல் கறுப்பினத்தவராக அவர் இன்று அறியப்படுகிறார்.

வாட்சனின் வாழ்வு இரு செய்திகளை ஒருசேரச் சொல்கிறது. நிறத்தின் காரணமாக அவருக்குக் கழகத்தின் கதவு அடைக்கப்படவில்லை. பொறுப்பான பதவியே தரப்பட்டது. இது பெருமைக்குரியது. ஆயினும் ஊதியம் இன்றி விளையாடும் ஓய்வு அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற வினாவும் உடன் எழுகிறது. அடிமை உழைப்பின் மீதும், 1838க்குப் பின் இந்திய ஒப்பந்தக் கூலிகளின் உழைப்பின் மீதும் எழுந்த டெமராராவின் சர்க்கரைச் செல்வமே அதற்கான விடை. அமெச்சூர் நெறி வானத்திலிருந்து இறங்கியதன்று. யாரோ ஓரிடத்தில் உழைத்ததால் இன்னொருவருக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தின் மீதே அது நின்றது.

முதல் ஹாம்ப்டனின் முடிவு ஒரு இருப்புப்பாதையால் வந்தது. கிளாஸ்கோவின் தென்புறநகரங்களை இணைக்கத் திட்டமிடப்பட்ட கத்கார்ட் ரயில்பாதை மைதானத்தின் ஒரு பகுதியை ஊடுருவியது. நிலம் வாடகைக்கு எடுக்கப்பட்டது. வெளியேறுவதைத் தவிர வேறு வழி இல்லை. கழகம் 1883-84 பருவத்தை வேறொரு மைதானத்தில் கழித்தது. 1884 அக்டோபரில், சற்றுத் தொலைவில் அமைத்த இரண்டாம் ஹாம்ப்டனைத் திறந்தது. நகரம் வளர்ந்ததால்தான் கழகத்துக்குப் பார்வையாளர் கிடைத்தனர். அதே வளர்ச்சி மைதானத்தையும் விழுங்கியது. இந்த இரட்டை உறவு உலகின் எந்தப் பெருநகரச் சிறு கழகத்துக்கும் அந்நியமானதன்று.

மைதானம் மாறிய அதே ஆண்டுகளில் ஆட்டத்தின் அடிப்படையும் மாறியது. 1884இலும் 1885இலும் குயின்ஸ் பார்க் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தை எட்டியது. இருமுறையும் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணியிடம் தோற்றது. முதலில் 1-2, பின்னர் 0-2. எதிரணியில் ஆடிய ஃபெர்கஸ் சூட்டர் கிளாஸ்கோவிலிருந்து லங்காஷயருக்குச் சென்ற ஒரு கல்தச்சர். ஆட்டத்துக்காக மறைமுகமாகப் பணம் பெற்ற முதல் தலைமுறை ஆட்டக்காரர்களுள் ஒருவராக அவர் கருதப்படுகிறார். லங்காஷயரின் பஞ்சாலை நகரங்கள் ஸ்காட்லாந்திலிருந்து இத்தகைய பலரை வரவழைத்தன. கூட்டாட்டக் கலையைக் கற்றுக்கொடுத்ததால் அவர்களை 'ஸ்காட்லாந்துப் பேராசிரியர்கள்' என்றே அழைத்தனர். குயின்ஸ் பார்க் வளர்த்தெடுத்த ஆட்டமுறையே, ஊதியம் பெற்றவர்களின் கால்கள் வழியே திரும்பி வந்து அதைத் தோற்கடித்தது எனலாம்.

1885 ஜூலையில் இங்கிலாந்து தொழில்முறை ஆட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. ஸ்காட்லாந்து 1893 வரை தாக்குப்பிடித்தது. 1890இல் ஸ்காட்டிஷ் லீக் தொடங்கியபோது குயின்ஸ் பார்க் அதில் சேர மறுத்தது. லீக் தொழில்முறைக்கு இட்டுச்செல்லும், சிறு கழகங்களை அழிக்கும் என்பதே அதன் வாதம். இவ்வாதத்தில் ஓர் ஆதிக்கக் குரலும் கலந்திருந்தது என்பதை மறுக்கவியலாது. அதுவரை ஸ்காட்லாந்துக் கால்பந்தின் தலைமைப் பீடத்தில் இருந்தது அக்கழகமே. ஆனால் அதன் கணிப்பு பொய்க்கவில்லை. முதல் லீகில் இடம்பெற்ற வேல் ஆஃப் லெவன் உள்ளிட்ட பல சிற்றூர்க் கழகங்கள் பின்னர் நலிந்து மறைந்தன. குயின்ஸ் பார்க் 1893இல் தன் பத்தாவது ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. அதுவே அதன் கடைசிக் கோப்பையும் ஆனது. தனித்திருக்க இயலாது என்றுணர்ந்து 1900இல் லீகில் சேர்ந்தபோது, ஊதியம் பெறும் பதினொருவருக்கு எதிராக ஊதியம் பெறாத பதினொருவரைக் களமிறக்கும் வழக்கம் தொடங்கியது.

தன் நெறியின் வலிமை குன்றிய அதே கட்டத்தில் கழகம் தன் வரலாற்றின் மிகப்பெரிய முடிவை எடுத்தது. செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆகிய தொழில்முறைக் கழகங்கள் பெரும் அரங்குகளைக் கட்டிப் பன்னாட்டு ஆட்டங்களையும் இறுதியாட்டங்களையும் தம்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. இரண்டாம் ஹாம்ப்டன் போதவில்லை. அதுவும் வாடகை நிலமே. முதல் மைதானத்தை இருப்புப்பாதைக்குப் பறிகொடுத்த அனுபவம் கழகத்தின் நினைவில் இருந்தது. இம்முறை கழகம் மவுண்ட் ஃப்ளோரிடா பகுதியில் நிலத்தை விலைக்கே வாங்கியது.

கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது, 1902 ஏப்ரல் 5 அன்று, ரேஞ்சர்ஸ் கழகத்தின் ஐப்ராக்ஸ் அரங்கில் ஸ்காட்லாந்து-இங்கிலாந்து ஆட்டத்தின்போது மரத்தாலான படிமேடை உடைந்து 25 பேர் உயிரிழந்தனர். பெருங்கூட்டத்தை மரச்சட்டங்களின் மேல் நிறுத்துவது எத்தகைய ஆபத்து என்பது அன்று புலனாயிற்று. புதிய ஹாம்ப்டனின் படிமேடைகள் மண்கரைகளின் மேல் அமைந்தன. ஐப்ராக்ஸ் அரங்கை வடிவமைத்த ஆர்ச்சிபால்ட் லீச் என்ற பொறியாளரே ஹாம்ப்டனின் வடிவமைப்பிலும் பங்கேற்றார். 1903 அக்டோபர் 31 அன்று திறக்கப்பட்ட மூன்றாம் ஹாம்ப்டனில் நடந்த முதல் ஆட்டத்தில் குயின்ஸ் பார்க் 1-0 எனச் செல்டிக்கை வென்றது.

கைவிடப்பட்ட இரண்டாம் ஹாம்ப்டன் தேர்ட் லனார்க் என்ற கழகத்துக்குச் சென்று 'நியூ கத்கின் பார்க்' எனப் பெயர் மாறியது. 1872ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஆட்டத்தால் ஊக்கம்பெற்ற தன்னார்வப் படைப்பிரிவினர் தொடங்கிய கழகம் அது. 1904இல் லீகையும் 1905இல் கோப்பையையும் வென்ற அக்கழகம் 1967இல் நொடித்துப்போய் மறைந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட, மரங்கள் முளைத்த படிமேடைகள் அக்கழகத்தினுடையவை. தொழில்முறையை ஏற்றுக்கொண்ட கழகம் அழிந்தது; ஏற்காத கழகம் பிழைத்தது. கொள்கை காப்பாற்றியதா, நிலம் காப்பாற்றியதா என்ற வினாவை எழுப்ப இதைவிடப் பொருத்தமான இணைவு கிடைப்பது அரிது.

மூன்றாம் ஹாம்ப்டன் 1950இல் பிரேசிலின் மரக்கானா திறக்கப்படும்வரை உலகின் மிகப்பெரிய கால்பந்து அரங்காக விளங்கியது. 1906இல் ஸ்காட்லாந்து-இங்கிலாந்து ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 1 லட்சத்தைத் தாண்டியது. 1937 ஏப்ரல் 17 அன்று அதே இரு நாடுகளின் ஆட்டத்தைக் கண்டவர்கள் 1,49,415 பேர். ஐரோப்பியக் கண்டத்தில் பன்னாட்டு ஆட்டம் ஒன்றுக்கு வந்த மிகப்பெரிய கூட்டமாக அது இன்றும் நீடிக்கிறது. 1960இல் ரியல் மாட்ரிட் 7-3 எனப் ஃபிராங்க்ஃபர்ட்டை வென்ற ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தை இங்கு 1.27 லட்சம் பேர் கண்டனர்.

இக்கூட்டங்களில் எதுவும் குயின்ஸ் பார்க் அணியைப் பார்க்க வந்ததன்று. அணி 1922இல் முதன்முறையாகக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 1958க்குப் பின் உச்சப் பிரிவில் அது ஆடவே இல்லை. பிற்காலத்தில் அதன் சொந்த ஆட்டங்களுக்குச் சில நூறு பேரே வந்தனர். பல பத்தாயிரம் பேர் நிற்கக்கூடிய அரங்கில் அவர்களின் குரல் எதிரொலித்துத் திரும்பியது. ஆனால் தேசிய ஆட்டங்களும் கோப்பை இறுதியாட்டங்களும் ஈட்டித்தந்த வாடகை கழகத்தைத் தாங்கியது. அமெச்சூர் நெறியின் நிதிக் கட்டமைப்பு இதுதான். ஆட்டக்காரர் ஊதியம் பெறவில்லை; நிலம் ஊதியம் ஈட்டியது. 'விளையாட்டுக்காகவே விளையாடுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வாசகத்தைச் சின்னத்தில் பொறித்திருந்த கழகம், ஸ்காட்லாந்து கால்பந்து வணிகத்தின் நிலவுடைமையாளராகவும் இருந்தது.

இதை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. அரங்கின் வருமானம் கழக உறுப்பினர் எவரின் பைக்கும் செல்லவில்லை. இளைஞர் அணிகளும், 'ஸ்ட்ரோலர்ஸ்' முதலிய துணை அணிகளும் தலைமுறை தலைமுறையாக ஆடக் களம் கிடைத்தது. 1957இல் கவன் பகுதியின் கப்பல் கட்டும் தொழிலாளர் குடும்பத்து இளைஞர் ஒருவர் இங்கு வந்து சேர்ந்தார். அவர்தான் பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் பயிற்சியாளராகப் புகழ்பெற்ற அலெக்ஸ் ஃபெர்குசன். 2012இல், செல்டிக் கழகத்தின் இளைஞர் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்த ஆண்ட்ரூ ராபர்ட்சன் இங்கு ஊதியமின்றி ஆடிக்கொண்டே, வாழ்க்கைச் செலவுக்காக அதே ஹாம்ப்டன் அரங்கில் தொலைபேசி அழைப்புகளைக் கையாளும் பணியைச் செய்தார். சில ஆண்டுகளில் அவர் ஸ்காட்லாந்து அணித் தலைவரானார். 2019இல் லிவர்பூல் அணியுடன் சாம்பியன்ஸ் லீக் வென்றார். வணிக உலகம் ஒதுக்கியவருக்கு இரண்டாம் வாய்ப்பை அளிக்கும் இடமாக இக்கழகம் இருந்தது.

இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அமெச்சூர், தொழில்முறை என்ற வேறுபாட்டையே 1974இல் ஒழித்தது. குயின்ஸ் பார்க் மட்டும் ஸ்காட்லாந்து லீகில் தனித்து நின்றது. அதற்குள் அரங்கே சுமையாகத் தொடங்கிவிட்டது. 1971இல் ஐப்ராக்ஸில் நிகழ்ந்த இரண்டாம் பெருவிபத்தில் 66 பேர் இறந்ததன் விளைவாக 1975இல் மைதானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989இல் ஹில்ஸ்பரோ பேரிடரைத் தொடர்ந்து, பெரிய அரங்குகளில் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்ற நியதி உருவானது. லட்சம் பேர் நின்ற மண்கரைகள் மறைந்து இருக்கைகள் வந்தன. புதுப்பிக்கப்பட்ட அரங்கம் 1999இல் முழுமைபெற்றது. ஆனால் செலவு எல்லை மீறிக் கழகத்தைத் திவாலின் விளிம்புக்குக் கொண்டுசென்றது. 2000ஆம் ஆண்டில் அரங்கின் நிர்வாகம் குத்தகை அடிப்படையில் ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கத்திடம் சென்றது.

குத்தகை முடியும் காலம் நெருங்கியபோது, சங்கம் எடின்பரோவின் ரக்பி அரங்கான மர்ரேஃபீல்டுக்கு இடம்பெயரலாமா என்றும் ஆராய்ந்தது. தேசிய ஆட்டங்கள் போய்விட்டால் ஹாம்ப்டனைச் சில நூறு பார்வையாளர் கொண்ட கழகத்தால் ஒரு பருவம்கூடத் தாங்கியிருக்க இயலாது. இறுதியில், தனியார் நன்கொடைகளின் துணையுடன் சங்கமே 50 லட்சம் பவுண்டுக்கு அரங்கை வாங்க 2018இல் உடன்பாடு ஏற்பட்டு, 2020இல் உரிமை கைமாறியது. அரங்கையொட்டிய 'லெஸ்ஸர் ஹாம்ப்டன்' என்ற சிறு மைதானம் கழகத்திடம் எஞ்சியது. 1923-24 காலத்தில், துணை அணிகள் ஆடுவதற்காகக் கழகம் வாங்கிய நிலம் அது.

இடைப்பட்ட 2019 நவம்பரில் கழக உறுப்பினர்கள் கூடி அமெச்சூர் நிலையைக் கைவிடப் பெரும்பான்மையாக வாக்களித்தனர். தாம் வளர்த்த இளைஞர்கள் வெளியேறும்போது உரிய இழப்பீடு பெற இயலவில்லை என்பது முன்வைக்கப்பட்ட காரணங்களுள் முக்கியமானது. ராபர்ட்சன் போன்றோரின் எடுத்துக்காட்டு அனைவர் மனத்திலும் இருந்திருக்கும். நிலமும் நெறியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கைவிடப்பட்டன. இவை தற்செயலாக உடன்நிகழ்ந்தவை என்று கொள்வது கடினம். நெறியைத் தாங்கிய வாடகை இனி இல்லை; நிலத்துக்குக் கிடைத்த தொகையோ ஊதியம் வழங்கும் கழகமாக மாறுவதற்கான முதலானது. பெரும் கூட்டத்துக்கான அரங்கைக் கட்டியபோது தொடங்கிய கதையின் தர்க்கம் அங்கு முடிவுக்கு வந்தது. அதன்பின் அணி இரு ஆண்டுகளில் இரு படிகள் ஏறி 2022இல் இரண்டாம் நிலைப் பிரிவை எட்டியது. 2025 பிப்ரவரியில் ஸ்காட்டிஷ் கோப்பையில் ஐப்ராக்ஸ் அரங்கிலேயே ரேஞ்சர்ஸை 1-0 என வீழ்த்தியது.

இந்தியக் கால்பந்து வரலாற்றைப் பயில்வோருக்கு இக்கதை இருவகையில் தொடர்புடையது. 1888இல் சிம்லாவில் நடந்த முதல் டியூரண்ட் கோப்பையின் இறுதியில் மோதியவை ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ், ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி ஆகிய இரு ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகள். இந்தியாவுக்குக் கால்பந்து வந்த வழிகளுள் ஒன்று கிளாஸ்கோவையும் தொட்டுச் சென்றது. இரண்டாவது தொடர்பு ஒப்பீட்டளவிலானது. கொல்கத்தா மைதான் பகுதியில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகியவற்றின் ஆடுகளங்கள் அமைந்துள்ள நிலம் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. நிலம் அனுமதியாகவே கிடைத்ததால், அது கழகத்துக்கு முதலாக மாறவில்லை. ஆட்டக்காரரின் வாழ்வாதாரம் ரயில்வே, வங்கி, காவல்துறை முதலிய நிறுவனங்களின் வேலைவாய்ப்பு வழியாக வந்தது. 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடிய இந்திய அமெச்சூர் கால்பந்தின் பொருளியலை ஆராய்வோர், ஊதியத்தை யார் கொடுத்தார் என்பதோடு நிலத்தை யார் வைத்திருந்தார் என்றும் கேட்க வேண்டியிருக்கும்.

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் கோப்பைகளையும் கோல்களையும் எண்ணுகிறது. மைதானத்தின் பட்டா, குத்தகைப் பத்திரம், வாடகைக் கணக்கு ஆகியவை ஆவணக் காப்பகங்களில் தூசி படிந்து கிடக்கின்றன. குயின்ஸ் பார்க் வரலாற்றில் ஒவ்வொரு திருப்பமும் அத்தகைய ஓர் ஆவணத்தோடு இணைந்துள்ளது. பொதுவெளியில் ஆடியபோது வறுமை. வாடகை நிலத்தில் ஆடியபோது இருப்புப்பாதையின் முன் கையறுநிலை. சொந்த நிலத்தில் ஆடியபோது நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சுதந்திரமும் இறுதியில் சுமக்கவியலாத பாரமும்.

முதல் ஹாம்ப்டன் இருந்த இடத்தில் இன்று பந்துருட்டும் கழகத்தின் சுவரில், 1882ஆம் ஆண்டின் 5-1 வெற்றியை நினைவூட்டும் ஓவியம் தீட்டப்பட்டுள்ளது. இங்கே வாட்சன் ஆடினார் என்பதை அப்பகுதி மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கியுள்ளனர். இரண்டாம் ஹாம்ப்டனில் யாரும் கட்டணம் கேட்பதில்லை. மாலை வேளைகளில் சிறுவர்கள் அங்கே பந்தாடுகிறார்கள். 1867இல் வேலியற்ற புல்வெளியில் கம்பங்களை நட்டவர்கள் தொடங்கியதும் அத்தகைய ஆட்டத்தைத்தான்.